பழிவாங்க மறுத்த பட்டாணியர்: எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கான் (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



சில வாரங்களாக நம் வாலிபர்கள் சிலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் இடிந்த வீடுகள், கஃபன் சுற்றிய குழந்தைகள், கதறும் தாய்மார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சபுர் செய்யுங்கள் என்று சொல்வது கோழைத்தனம் இல்லையா, பொறுமை என்பது கையாலாகாதவனுக்கு நாம் வைத்த நல்ல பெயர்தானா என்று கேட்கிறார்கள். வேறு சிலர் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறார்கள். இஸ்லாம் அமைதி மார்க்கம் என்கிறோமே, பிறகு ஏன் நம் வரலாற்றில் பத்ரும் உஹுதும் இருக்கின்றன என்று கேட்கிறார்கள்.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இந்தக் கேள்விகளோடு 70 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, அதற்கான விலையைத் தன் உடம்பால் கொடுத்த ஒரு முஸ்லிமின் வாழ்க்கையை இன்று பார்ப்போம். டெல்லிக்குப் போனவர்கள் கரோல் பாக்கில் கஃபார் மார்க்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். செல்போன் வாங்கவும் பழுது பார்க்கவும் கூட்டம் மொய்க்கும் இடம். அந்தக் கஃபார் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவர்தான் கான் அப்துல் கஃபார் கான். அவருடைய சமூகத்தார் பாச்சா கான் என்று அழைத்தார்கள். நம் பெரியவர்களுக்கு அவர் எல்லை காந்தி.

பழிக்குப் பழி என்ற மண்ணில்

1890-ஆம் ஆண்டு, பெஷாவருக்கு அருகே உத்மான்ஸை என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று அது பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லை. அங்கே வாழ்பவர்கள் பட்டாணியர்கள். வீரத்துக்கும் விருந்தோம்பலுக்கும் பெயர் பெற்ற சமூகம். எதிரியே வாசலில் வந்து அடைக்கலம் கேட்டாலும் உயிரைக் கொடுத்துக் காப்பார்கள்.

ஆனால் அவர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பதல் என்று சொல்வார்கள். பழிக்குப் பழி. தாத்தா காலத்தில் நடந்த ஒரு கொலைக்குப் பேரன் துப்பாக்கியைத் தூக்குவான். அவனைக் கொன்றதற்கு அந்தப் பக்கத்துப் பேரன் வருவான். நிலத் தகராறில் தொடங்கியது மூன்று தலைமுறைகளின் ஜனாஸாக்களில் வந்து நிற்கும். ஒவ்வொருவரும் அதை மானம் என்று நினைத்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வது வெள்ளைக்காரனுக்கு வசதியாக இருந்தது.

இவருடைய தந்தை பஹ்ராம் கான் வசதியான நிலக்கிழார். ஆனால் எதிரிகளை மன்னித்துவிடுபவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். பழி வாங்காத ஒரு மனிதரை மகன் முதலில் பார்த்தது வீட்டுக்குள்தான். பிள்ளைகள் பயானில் கற்பதைவிட வாப்பாவிடம் கற்பது அதிகம் என்பதற்கு இது ஒரு சான்று.

பெஷாவரில் மிஷன் பள்ளியில் படித்தார். நல்ல உயரம், நல்ல உடற்கட்டு. பிரிட்டிஷ் இராணுவத்தில் கைட்ஸ் என்ற பெயர்பெற்ற படைப்பிரிவில் அதிகாரி வேலை கிடைக்க இருந்தது. அந்தக் காலத்து இளைஞனுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் இல்லை. ஆனால் அந்தப் படையில் இருந்த பட்டாணிய அதிகாரி ஒருவரை ஒரு வெள்ளைக்காரன் அவமதித்ததைத் தன் கண்ணால் பார்த்தார். அந்த வேலையே வேண்டாம் என்று திரும்பிவிட்டார். அண்ணன் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போயிருந்தார். இவரும் போக ஏற்பாடு நடந்தபோது தாயார் அழுதார்கள். தாயின் கண்ணீரை மீறிப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஊரிலேயே தங்கிவிட்டார்.

முதலில் பள்ளிக்கூடம்

1910-இல், இருபது வயதில், சொந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். துரங்ஸை ஹாஜி என்று அழைக்கப்பட்ட மார்க்கப் பெரியவரோடு சேர்ந்து அந்தக் கல்விப் பணி நடந்தது. 1915-இல் அந்த ஹாஜி ஆயுதப் போராட்டத்துக்காக மலைப்பகுதிக்குப் போய்விட்டார். அரசு அந்தப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டது.

இங்கேதான் இவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஹாஜியைப் பின்தொடர்ந்து மலைக்குப் போவது ஒன்று. ஊர் ஊராக நடந்து மக்களைத் திருத்துவது மற்றொன்று. இவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். துப்பாக்கி இல்லாத பட்டாணியனே இல்லை, ஆனால் எழுத்து தெரிந்தவனும் ஒற்றுமை தெரிந்தவனும் அரிதாக இருந்தான். குறை எங்கே இருந்ததோ அங்கே வேலை செய்தார்.

1919-இல் ரவ்லட் சட்டத்தை எதிர்த்ததற்காகக் கைது செய்யப்பட்டார். 1920-இல் ஹிஜ்ரத் இயக்கம் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இருக்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் வீடு வாசலை விற்றுவிட்டு ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டார்கள். இவரும் காபூல் போனார். அத்தனை பேரைத் தாங்க அங்கே வழி இல்லை. பெரும்பாலானவர்கள் கையில் இருந்ததையும் இழந்து திரும்பினார்கள். உணர்ச்சி மட்டும் ஒரு சமுதாயத்தைக் கரை சேர்க்காது என்பதை அவர் அருகில் இருந்து பார்த்தார்.

திரும்பி வந்து 1921-இல் மறுபடியும் உத்மான்ஸையில் ஆசாத் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் கைது. மூன்றாண்டு கடுங்காவல். காலில் விலங்கு, கையில் தானியம் அரைக்கும் திரிகை, தனிக்கொட்டடி. 1924-இல் வெளியே வந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது.

சொந்த வாழ்க்கையிலும் சோதனைகள் வந்தன. முதல் மனைவி 1918-இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சலில் இறந்தார்கள். 1926-இல் ஹஜ்ஜுக்குப் போன பயணத்தில், பைத்துல் முகத்தஸ் இருக்கும் ஜெருசலேம் நகரில், இரண்டாவது மனைவி மாடிப்படியிலிருந்து தவறி விழுந்து வஃபாத் ஆனார்கள். அப்போது அவருக்கு வயது 36. அதன் பிறகு அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இறைவனின் ஊழியர்கள்

1929-இல் அவர் குதாயி கித்மத்கார் என்ற அமைப்பைத் தொடங்கினார். இறைவனின் ஊழியர்கள் என்று பொருள். அல்லாஹ்வுக்கு நம் ஊழியம் தேவையில்லை. அவன் படைப்புகளுக்குச் செய்யும் ஊழியமே அவனுக்குச் செய்யும் ஊழியம் என்பதுதான் அதன் அடிப்படை.

இதில் சேருகிறவர் அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி எடுக்க வேண்டும். வன்முறையில் இறங்கமாட்டேன், பழிவாங்கமாட்டேன், எனக்கு அநியாயம் செய்தவரை மன்னிப்பேன், குடும்பப் பகையையும் கோஷ்டிச் சண்டையையும் விட்டுவிடுவேன், தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் பொதுச் சேவை செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பட்டாணியர்களுக்கு வாக்கு என்பது உயிர். அதை மீறுவது மானக்கேடு. பழி வாங்குவதை மானம் என்று நினைத்த சமூகத்தில், பழிவாங்காமல் இருப்பதை மானமாக மாற்றிக் காட்டினார். அந்த மக்களின் வீரத்தை அவர் குறைக்கவில்லை. அது திரும்பும் திசையை மாற்றினார்.

இராணுவத்தைப் போலவே அணிவகுப்பு, பயிற்சி, தலைமை, கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. ஆயுதம் மட்டும் இல்லை. வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்கானதால் செங்கல் நிறச் சாயம் தோய்த்தார்கள். அதனால் செஞ்சட்டைக்காரர்கள் என்ற பெயர் வந்தது. ஊர் ஊராகப் போய்த் தெருக் கூட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பகையில் இருந்த குடும்பங்களைச் சமாதானம் செய்து வைத்தார்கள். பெண்கள் படிக்க வேண்டும், பொது வேலைக்கு வர வேண்டும் என்று பாச்சா கான் வலியுறுத்தினார். இந்த அமைப்பில் ஒரு லட்சம் பேர் வரை இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

இதை வாலிபர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பொறுமை என்றால் மூலையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் காட்டிய பொறுமைக்குப் பயிற்சி தேவைப்பட்டது, அமைப்பு தேவைப்பட்டது, தினமும் இரண்டு மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. துப்பாக்கியைத் தூக்க ஒரு நொடிக் கோபம் போதும். தூக்காமல் இருக்க ஆண்டுக்கணக்கில் நஃப்ஸைப் பழக்க வேண்டும்.

கிஸ்ஸா கவானி கடைவீதி

அந்தப் பயிற்சிக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1930 ஏப்ரல் மாதம். நாடு முழுவதும் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த நேரம். நம் தமிழ்நாட்டில் ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தஞ்சைச் சீமை வழியாக நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் பெஷாவரில் இது நடந்தது.

ஏப்ரல் 23-ஆம் தேதி, பெஷாவருக்குப் போகும் வழியில் பாச்சா கான் கைது செய்யப்பட்டார். நகரத்திலும் தலைவர்கள் கைதானார்கள். மக்கள் கிஸ்ஸா கவானி கடைவீதியில் திரண்டார்கள். கதை சொல்பவர்களின் கடைவீதி என்று அந்தப் பெயருக்குப் பொருள். பிரிட்டிஷ் கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன. மக்கள் நசுங்கினார்கள். ஒரு கவச வண்டி தீப்பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூடு தொடங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் விழ, பின்னால் இருந்தவர்கள் முன்னே வந்து நின்றார்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருந்த சமூகம் அன்று வெறுங்கையோடு நின்றது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்குக்கும் மக்கள் சொன்ன கணக்குக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அன்று இன்னொன்றும் நடந்தது. கார்வால் படைப்பிரிவு வீரர்களுக்குச் சுடும்படி உத்தரவு வந்தது. சந்திர சிங் என்பவர் தலைமையில் நின்ற அந்த இந்து வீரர்கள், ஆயுதம் இல்லாத முஸ்லிம் மக்கள் மீது சுட மறுத்துவிட்டார்கள். அவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அநியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கத்தின் சட்டம். படைப்பவனுக்கு மாறு செய்யும் விஷயத்தில் படைப்புக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று நபிகளார் கற்பித்திருக்கிறார்கள். சீருடை போட்டிருக்கும்போதே மனசாட்சியைக் காத்தார்கள் அந்தச் சகோதரர்கள். எதிரில் நின்றவர்கள் சுட்டிருந்தால் இவர்களும் சுட்டிருப்பார்கள். வெறுங்கை ஒரு சிப்பாயின் விரலை விசையிலிருந்து எடுக்க வைத்தது.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

இவர் இந்த வழியை வேறு எங்கோ கடன் வாங்கினார் என்று சிலர் சொல்வதுண்டு. காந்தியோடு அவருக்கு ஆழமான நட்பு இருந்தது உண்மை. ஆனால் தன்னுடைய ஆயுதம் நபிகளாரின் ஆயுதம், அதன் பெயர் சபுர், அதை முஸ்லிம்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் அவர் தன் மக்களிடம் பேசினார். மக்காவின் 13 ஆண்டுகளை அவர் நினைவூட்டினார்.

அந்த 13 ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தினார்கள். சுமைய்யா (ரலி) அவர்களைக் கொன்றார்கள். தாயிஃபில் நாயகத்தின் பாதத்தில் இரத்தம் வழிந்தது. ஹம்ஸா (ரலி), உமர் (ரலி) போன்ற வீரர்கள் உடன் இருந்தும், கைகளைத் தடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அன்றைய கட்டளை.

குர்ஆனில் அல்மாயிதா சூராவில் ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களின் வரலாறு வருகிறது. கொல்ல வந்த சகோதரனிடம், நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்டமாட்டேன், நான் அல்லாஹ்வை அஞ்சுகிறேன் என்ற பொருளில் ஹாபில் பேசுகிறார். மனித வரலாற்றின் முதல் கொலையிலேயே அல்லாஹ் நமக்குக் காட்டிய நல்லவர், கை நீட்ட மறுத்தவர்தான்.

உஸ்மான் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 35. கலீஃபாவின் வீட்டைக் கலகக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஸஹாபாக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாளோடு வாசலில் நின்றார்கள். என் பொருட்டு ஒரு முஸ்லிமின் இரத்தமும் சிந்தக் கூடாது என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் உஸ்மான் (ரலி). ஷஹீதானார்கள். ஹிஜ்ரி 41-இல் ஹஸன் (ரலி) அவர்கள் பெரும் படை பின்னால் இருந்தும், உம்மத்தின் இரத்தத்தைக் காக்க ஆட்சியையே விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். நபிகளார் முன்கூட்டியே பாராட்டிய சமாதானம் அது. இவர்களில் யாரைக் கோழை என்று சொல்ல முடியும்?

அதே நேரத்தில் மார்க்கத்தின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மதீனாவில் போருக்கு அனுமதி இறங்கியது. அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு, வீடுகளை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு அந்த அனுமதி என்று ஹஜ் சூரா சொல்கிறது. அந்த இடத்திலேயே மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் காக்கப்படுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்ற கருத்தும் வருகிறது. வரம்பு மீறக் கூடாது என்ற எச்சரிக்கை பகரா சூராவில் கூடவே இருக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று நபிகளார் தடுத்தார்கள். ஷாமுக்குப் படை அனுப்பியபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் முதியவர்களைக் கொல்லாதீர்கள், கனி தரும் மரத்தை வெட்டாதீர்கள், ஆசிரமத்தில் இருக்கும் துறவிகளைத் தொடாதீர்கள் என்று கட்டளையிட்டார்கள்.

ஆக, ஷரீஅத் போரின் வாசலை முழுவதும் அடைக்கவில்லை. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. சாவி ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களிடம் இருக்கிறது. கோபம் வந்த தனிமனிதனுக்கும், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறவனுக்கும் அந்தச் சாவி கொடுக்கப்படவில்லை. நம் தாம்பரம் வானில் தினமும் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. விமானப்படைத் தளம் நம் பக்கத்தில், பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி மையம். நாட்டைக் காக்கும் பணியில் இருப்பவர்கள் பாவம் செய்கிறார்கள் என்று மார்க்கம் சொல்லவில்லை. வரம்புக்குள் நில்லுங்கள் என்று சொல்கிறது. பாச்சா கான் அந்த அனுமதியை மறுத்தவர் இல்லை. தன் மக்களுக்கு, தன் காலத்துக்கு, மக்காவின் வழியைத் தேர்ந்தெடுத்தவர்.

1940: இரண்டு முஸ்லிம்கள்

இந்த வித்தியாசம் 1940-இல் வெளிப்படையாக வந்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஹிட்லரின் படை பிரான்ஸை வீழ்த்திவிட்டது. இந்தியாவுக்குச் சுதந்திரத்தை அறிவித்தால் போருக்கு உதவத் தயார் என்று காங்கிரஸ் ஜூலை மாதம் ஒரு நிலைப்பாடு எடுத்தது. அந்தத் தீர்மானத்தின் பின்னால் முக்கியமாக இருந்தவர் பத்தாண்டுகளுக்கு முன் வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜி. காங்கிரஸின் தலைவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். மக்காவில் பிறந்தவர், குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதிய ஆலிம். அஹிம்சை தனக்கு ஒரு நடைமுறைக் கொள்கைதான், மார்க்க நம்பிக்கை அல்ல, வேறு வழி இல்லாதபோது போர் செய்யலாம் என்பது அவர் நிலை. ஃபிக்ஹ் படித்தவர்கள் அதில் குறை காண முடியாது.

பாச்சா கான் காரியக் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தார். என் தோழர்களிடம் கொல்லமாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் வாக்கு வாங்கியிருக்கிறேன், இந்தக் கொல்லாமை வெள்ளைக்காரனிடம் மட்டும், மற்றவர்களிடம் இல்லை என்று அவர்களிடம் போய் எப்படிச் சொல்வேன் என்பதே அவருடைய நிலை.

இருவரில் யார் சரி? ஆசாத் சாஹிப் ஒரு நாட்டுக்கு எது கூடும் என்று பார்த்தார். ஒரு நாடு ஹிட்லரைப் போன்றவன் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று ஷரீஅத் கட்டாயப்படுத்தவில்லை. பாச்சா கான் தன் வாக்கையும், மூன்று தலைமுறை இரத்தப் பகையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தன் மக்களையும் பார்த்தார். அந்த மக்களின் கையில் மறுபடி துப்பாக்கியைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆசாத் சொன்னது அனுமதி. பாச்சா கான் எடுத்தது அதைவிடக் கடினமான வழி. மன்னிப்பதும் பொறுப்பதும் உறுதிமிக்க காரியங்களில் உள்ளது என்ற கருத்தை ஷூரா சூராவில் படிக்கிறோம். இருவரும் அதற்குப் பிறகும் நண்பர்களாகவே இருந்தார்கள். கருத்து வேறுபாட்டில் பண்பாக இருப்பதற்கும் இது பாடம்.

தோற்றவர் போலத் தெரிந்தவர்

1946 இறுதியில் பீஹாரில் கலவரம். ஏராளமான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1947-இல் காந்தியும் பாச்சா கானும் அந்தக் கிராமங்களில் நடந்தார்கள். எரிந்த வீடுகளில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள், எரித்தவர்களின் மனசாட்சியிடம் பேசினார்கள். தன் சமுதாயம் கொல்லப்பட்ட மண்ணில் நின்றும் அவர் வாயிலிருந்து பழி என்ற சொல் வரவில்லை.

அவர் நாட்டுப் பிரிவினையை எதிர்த்தார். ஆனால் பிரிவினை வந்தது. எல்லை மாகாணத்தில் ஜூலை 1947-இல் நடந்த வாக்கெடுப்பை அவருடைய இயக்கம் புறக்கணித்தது. அந்த மாகாணம் பாகிஸ்தானோடு சேர்ந்தது. நடந்ததை ஏற்று, 1948 பிப்ரவரியில் பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் கைது. அவர் சிறையில் இருந்தபோதே, அதே ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அவருடைய ஊருக்கு அருகே பாப்ராவில் குதாயி கித்மத்கார்களின் கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பெரும் உயிரிழப்பு. இம்முறை சுட்டது வெள்ளைக்காரன் இல்லை, கலிமா சொன்ன முஸ்லிம்களின் அரசு. இயக்கம் தடை செய்யப்பட்டது.

சகோதரர்களே, அந்நியன் அடித்தால் பொறுப்பது ஒரு வகை. சொந்தச் சகோதரன் அடிக்கும்போது பொறுப்பது யூசுஃப் நபியின் வகை. அவர் பழிக்கு அழைப்பு விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலும் பாகிஸ்தான் காலத்திலும் சேர்த்து வாழ்நாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சிறையிலும் காவலிலும் கழிந்தது. 1964 முதல் 1972 வரை ஆப்கானிஸ்தானில் வாழ்ந்தார்.

1969-இல் காந்தி நூற்றாண்டுக்காக இந்தியா வந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அஹ்மதாபாத்தில் பெரும் கலவரம் நடந்து முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். எண்பது வயதை நெருங்கிய அவர் விழாவுக்கு வந்த இடத்தில் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி பிறந்த மண்ணில் இது நடக்கலாமா என்று ஆட்சியாளர்களின் முகத்துக்கு நேரே கேட்டார். அவருடைய பொறுமை அநியாயத்தைக் கண்டு வாய்மூடிய பொறுமை இல்லை. கொடுங்கோலன் முன் நியாயத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்று நபிகளார் சொன்னதன் நடைமுறை அது.

1987-இல் இந்தியா அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. இந்தியக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 1988 ஜனவரி 20-ஆம் தேதி பெஷாவரில் வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஏறத்தாழ 98 வயது.

ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்போது அங்கே சோவியத் படைக்கும் முஜாஹிதீன்களுக்கும் கடும் போர். அவருடைய ஜனாஸாவுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாய் வழியாக எல்லை கடந்து போனார்கள். ஆனாலும் அடக்கம் நடந்த இடத்துக்கு அருகே குண்டுகள் வெடித்து, வந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். வாழ்நாள் முழுவதும் எதை எதிர்த்தாரோ அது அவருடைய கப்ர் வரை வந்தது.

உலகக் கணக்கில் பார்த்தால் அவர் தோற்றவர். நாடு பிரிந்தது, இயக்கம் அழிந்தது, அந்த மண்ணில் இன்றும் குண்டு வெடிக்கிறது. ஆனால் வெற்றியைக் கொண்டு சரி தவறை அளந்தால், மகனைக்கூடக் கப்பலில் ஏற்ற முடியாத நூஹ் (அலை) அவர்களை என்ன சொல்வோம்? விளைவு அல்லாஹ்வின் கையில். கை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் நம்மிடம் கேட்கப்படும். ஒன்றை மட்டும் யாரும் மறுக்க முடியாது. அவர் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கியை இறக்கிய வீடுகளில், பழிக்குப் பலியாகியிருக்க வேண்டிய பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்பது குர்ஆன் தரும் கணக்கு.

நம் வீட்டுப் பதல்

இனி நம்மைப் பார்ப்போம். காஸாவிலும் மற்ற இடங்களிலும் நடக்கும் அநியாயத்தைக் கண்டு துஆ கேளுங்கள், உதவி செய்யுங்கள், சட்டத்துக்கு உட்பட்டு உரக்கக் குரல் கொடுங்கள். ஆனால் வெறுப்பூட்டும் வீடியோவை உண்மையா பொய்யா என்று பார்க்காமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது ஜிஹாத் இல்லை. அது பதல். கிஸ்ஸா கவானியில் நெஞ்சைக் காட்டி நின்றவர்களுக்கு முன் நாம் கட்டைவிரலால் செய்யும் வீரம் எம்மாத்திரம்?

பட்டாணியர் மூன்று தலைமுறைப் பகை வைத்திருந்தார்கள் என்று கேட்டபோது ஆச்சரியப்பட்டோம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் சேலையூரிலும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வாப்பா விட்டுப்போன இரண்டு சென்ட் நிலத்துக்காகச் செங்கல்பட்டு கோர்ட்டில் அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறார்கள். ஒரே ஸஃப்பில் தோள் உரசி நின்று தொழுதுவிட்டு, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டுகிறார்கள். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சான் போவதில்லை. காரணம் கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. துப்பாக்கி மட்டும்தான் இல்லை.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது கூடாது, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவர் என்பது நபிமொழியின் கருத்து. உலகப் போரை நிறுத்தும் சக்தி நம் கையில் இல்லை. இந்தப் போரை நிறுத்தும் சக்தி இருக்கிறது. பாச்சா கான் தன் தோழர்களிடம் தினமும் இரண்டு மணி நேரம் கேட்டார். நான் உங்களிடம் இரண்டு நிமிடம் கேட்கிறேன். ஜும்ஆ முடிந்ததும், பேசாமல் இருக்கும் அந்த ஒருவருக்கு ஸலாம் சொல்லுங்கள். அவர் இந்தப் பள்ளியில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் மாலையில் வீட்டுக்குப் போங்கள். அவர் பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

யா அல்லாஹ்! அநியாயத்துக்கு ஆளான மக்களுக்கு உன் உதவியை இறக்குவாயாக! போரில் சிக்கிய குழந்தைகளையும் பெண்களையும் முதியவர்களையும் காப்பாயாக! எங்கள் உள்ளங்களிலிருந்து பகையையும் பழியுணர்ச்சியையும் அகற்றுவாயாக! நியாயத்தைச் சொல்லும் துணிவையும், வரம்பு மீறாத பொறுமையையும் எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! எங்கள் நாட்டில் அமைதியையும் நல்லிணக்கத்தையும் நிலைக்கச் செய்வாயாக! கான் அப்துல் கஃபார் கான் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக!

ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!